வரி கட்டப் போன உங்கப்பாவும் ரெண்டாவது அடுப்பும்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுறது. எல்லாரும் சௌக்கியம்னு ஒரு வரியில எழுதிட்டு விஷயத்துக்கு வரலாம்னு பேனாவை எடுத்தா அந்த ஒரு வரியே தகராறு பண்ணுது, ஏன்னா நாங்க இப்போ ஒரு வீடு இல்ல, ரெண்டு வீடு. அதனால இப்படி வெச்சுக்கோ, இந்த வீட்டுல நானும் உங்கப்பாவும் சௌக்கியம், பக்கத்து வீட்டுல உன் தம்பியும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் வாண்டும் அந்த வெளிநாட்டுக் குளிர்ல இருமல் சளி இல்லாம இருக்கீங்களான்னு எல்லா வீட்டுக்கும் சேர்த்து நான் ஒருத்தியே கவலைப்பட்டுக்கிட்டு இருக்கேன். பதறாதே, அடிதடி ஒண்ணும் இல்ல, யாரும் யாரையும் வெளியே தள்ளல. போன்லயே சொல்லியிருக்கலாம், ஆனா உங்கப்பா காது கேட்கலன்னு போனை சத்தமா வெச்சுட்டுப் பக்கத்துலயே உட்கார்ந்துக்கிறார், நீயும் நான் ரெண்டு வார்த்தை பேசுறதுக்குள்ள நாலு வார்த்தை பேசுவ. கடிதாசின்னா நான் முடிக்கிற வரைக்கும் நீ வாயைத் திறக்க முடியாது பாரு, அதுக்குத்தான். காலையிலேர்ந்து இதை எழுத உட்கார்றதும் எழுந்து போய் எதையாவது துடைச்சு வைக்கிறதுமாவே இருக்கேன், ஒரு இடத்துல இருப்புக் கொள்ளல. எழுத்து கோணலா இருந்தா அதுதான் காரணம், கை நடுக்கம்னு நினைச்சு டாக்டர்கிட்ட போன்னு ஆரம்பிக்காதே.

போன மழைக்காலத்துல ஒரு ஞாயித்துக்கிழமை கூப்பிட்டியே, சம்பளச் சீட்டைப் பார்த்துட்டு வயித்தெரிச்சல்ல இருந்த அன்னைக்கு, ஞாபகம் இருக்கா? மாசம் பூரா மாடா உழைக்கிறேன், கையில வாங்குறதுக்கு முன்னாடியே வரின்னு அள்ளிக்கிட்டுப் போயிடறாங்க, வேலைவெட்டி இல்லாம கவர்மெண்ட் காசுல காலத்தை ஓட்டுறவங்களுக்கெல்லாம் நான் ஏன் அழணும்னு கேட்ட. நீ சொன்னது அந்த ஊர் ஆளுங்களைத்தான், எனக்குத் தெரியாதா என்ன. முதுகுவலியோட நாள் பூரா நின்னு வேலை பார்த்துட்டு வர்றவளுக்கு ஆத்திரம் வராம என்ன வரும். ஆனா அன்னைக்குப் போன் சர்க்கரை டப்பா மேல சாய்ச்சு வெச்சிருந்துச்சு, ஊருக்கே கேட்கிற சத்தத்துல. அந்தப் பக்கம் கட்டில்ல கேப்டன் உன் தம்பிக்குக் காலை மடக்கி நீட்டிக்கிட்டு இருந்தா. கேப்டன் யாருன்னு உனக்கு நான் சரியாச் சொன்னதில்லையோ என்னவோ. கட்டடச் சாரம் சரிஞ்சு விழுந்து இவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனதுக்கு அப்புறம் கவர்மெண்ட்டுலேர்ந்து அனுப்புற உதவியாளப் பொண்ணு. தினம் காலையில வந்து இவனைப் புரட்டி, முதுகைப் பார்த்து, குளிப்பாட்டி, சக்கர நாற்காலியில ஏத்தி உட்கார வெச்சுட்டுத்தான் போவா. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு அதட்டி எண்ணித்தான் தூக்குவா, அதனால இவன் வெச்ச பேரு அது. நீ பேசினதைக் கேட்டு அவ எண்ணுறதை மட்டும் கொஞ்சம் சத்தமா எண்ணினா. உன் தம்பி சிரிச்சான். உங்கப்பா சிரிக்கல.

அன்னைக்கு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர் பாதியில எழுந்துட்டார். இந்த வீட்டுல யாரும் யார் காசுலயும் சும்மா சாப்பிடலன்னார். யாருங்க இப்போ அப்படிச் சொன்னான்னு கேட்டேன், கை கழுவப் போயிட்டார். அவர் வாழ்க்கை பூரா மோட்டாருக்குக் காயில் கட்டினவர், அந்தச் செம்புக் கம்பியைச் சுத்திச் சுத்தித்தான் நமக்குச் சோறு போட்டார், இப்பவும் வாசல் அறையில ஃபேன், மிக்ஸின்னு வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு வந்தா பார்ப்பார். அந்த வருமானத்துக்கு வரி கேட்டு எவனும் நம்ம வாசப்படி ஏறினதில்ல. மறுநாள் காலையில இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டுறார், எங்கேன்னு கேட்டா வேலை இருக்குங்குறார். நேரா கடைத்தெருவுல வரிக்கணக்கு எழுதித் தர்ற ஆடிட்டர்கிட்ட போய் எனக்கு வரி போடுங்கன்னு கேட்டிருக்கார். அந்தப் பிள்ளை வருமானம் என்னன்னு விசாரிச்சுட்டு, உங்களுக்கு வரியே வராது பெரியவரே, சந்தோஷமா வீட்டுக்குப் போங்கன்னு சொல்லியிருக்கு. அப்போ எவ்வளவு சம்பாதிச்சா வரும்னு இவர் கேட்டிருக்கார். கேட்டுக்கிட்டு, நீ மாசாமாசம் அனுப்புறதைத் தொழில் வருமானம்னு சேர்த்து, அதுவும் பத்தாம ஊர்ல எரிஞ்சுபோன மோட்டாரெல்லாம் தன்கிட்டதான் வந்துச்சுங்குற மாதிரி ஒரு தொகையைச் சொல்லி, எழுதுங்கன்னு அடம் பிடிச்சிருக்கார். ஆடிட்டர் அலறிட்டானாம். அய்யா, குறைச்சு எழுதுங்கன்னுதான் எல்லாரும் என் காலைப் பிடிப்பாங்க, கூட்டி எழுதுன்னு சண்டைக்கு வர்ற முதல் ஆளு நீங்கதான், உடம்பு கிடம்பு சரியில்லையா, வீட்டுல யாரையாவது கூப்பிடவான்னு கேட்டானாம். உங்கப்பா அசைவாரா? எழுதி, கட்டி, ரசீதோட வந்தார். கட்டினது என்னமோ ஒரு ஜோடி செருப்பு விலைதான், ஆனா உன் கல்யாணப் பத்திரிகையைக்கூட அவர் அப்படிப் பத்திரமாப் பிடிச்சுக்கிட்டு வரல.

அதுக்கப்புறம் கொஞ்ச மாசம் இந்தத் தெருவுக்கே அவர்தான் சொந்தக்காரர். சலூன்ல பேப்பரை விரிச்சு வெச்சுக்கிட்டு, இலவசமாக் கொடுத்துக் கொடுத்து ஜனங்களைக் கெடுத்துட்டாங்கன்னு நாலு பேர் தினம் பேசுவாங்க. முன்னாடியெல்லாம் அந்தப் பேச்சு வந்தா இவர் பேப்பரை முகத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சுக்குவார், வேற எங்கேயும் பார்க்க மாட்டார். இப்போ போய் நடுவுல உட்கார்ந்துக்கிட்டு, எங்க வரிப்பணத்தை என்னய்யா பண்றாங்கன்னு ஆரம்பிச்சுட்டார். ரோட்டைத் தோண்டுற ஆளுங்ககிட்ட போய், இதே குழியைப் போன மாசம்தானே மூடினீங்க, யார் வீட்டுக் காசுன்னு நினைச்சீங்கன்னு கேட்டு நிக்கிறார். நம்ம தெரு சாக்கடை அடைச்சுக் கிடந்ததுக்கு ஆபீசுக்கே போய், வரி கட்டுறவன் வந்திருக்கேன்னு சொன்னாராம். அந்த வாரமே வந்து அள்ளிட்டுப் போனாங்க. யாரோ பெரிய ஆளு இந்தப் பக்கம் வர்றாருன்னு ஊரையே கழுவி விட்டாங்க, அதுல நம்ம சாக்கடையும் சேர்ந்துச்சு, ஆனா அதை நான் அவர்கிட்ட சொல்வேனா. இதெல்லாம் போகட்டும், கவர்மெண்ட்டுலேர்ந்து தம்பி நாற்காலிக்குப் புது மெத்தை கொண்டுவந்து கொடுத்தாங்க, பழசே நல்லாத்தானே இருக்கு, எதுக்கு வீண் செலவுன்னு வாசல்லயே திருப்பி அனுப்பிட்டார். உள்ளேர்ந்து உன் தம்பி, அப்பா, அதுல உட்கார்றது நான்னு கத்துறான். நான் சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுப் போச்சு. மனுஷன் முதுகு நிமிர்ந்து நடக்குறாரே, நல்லா இருக்கட்டும்னுதான் நினைச்சேன், சத்தியமா வேற ஒண்ணும் தோணல.

அப்புறம்தான் தாள் வந்துச்சு. வீட்டுல ஒருத்தர் வரி கட்டுற அளவுக்குச் சம்பாதிச்சா அந்த வீட்டுக்கு உதவி கிடையாதாம், அதுதான் சட்டமாம். கேப்டன் வர்றது, உன் தம்பியோட மருந்து, டியூப், டயப்பர், எல்லாம் வர்ற மாசத்தோட சரி. நான் போட்டது போட்டபடி ஓடினேன். கவுண்ட்டர்ல இருந்த பொண்ணு கம்ப்யூட்டரைப் பார்த்துட்டு, உங்க வீட்டுக்காரர் பெரிய தொழில் பண்றாரேம்மா, உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்னு கேட்குறா. நான் என்னத்தைச் சொல்ல, அவர் தொழில் பண்ற லட்சணத்தை. கணக்கைத் தப்பா எழுதிட்டேன், எனக்கு அவ்வளவு வருமானம் இல்லன்னு அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா மறுபடி பார்ப்போம்னா. அவ்வளவுதானா, இதோ வந்துட்டேன்னு வீட்டுக்கு வந்தேன். உங்கப்பா மாட்டேன்னுட்டார். கெஞ்சினேன், கத்தினேன், சோறு போட மாட்டேன்னேன். ஆயுசுல ஒரே ஒரு தடவை கை நீட்டி வாங்காம கை நீட்டிக் கொடுத்திருக்கேன், அதையும் தப்புன்னு எழுதித் தரச் சொல்றியான்னு கேட்டார். கேட்டுட்டு ஒரு பழைய மோட்டாரைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு உட்கார்ந்துட்டார், அதுல ரிப்பேரே இல்ல, எனக்குத் தெரியும். சரி, கேப்டன் இல்லாம நம்மால முடியுதா பார்ப்போம்னு ஒரு நாள் அவ வர்றதுக்கு முன்னாடி நாங்க ரெண்டு கிழங்களும் சேர்ந்து இவனைத் தூக்கினோம். எண்ணித்தான் தூக்கினோம், அவ மாதிரியே. நாற்காலிக்கும் கட்டிலுக்கும் நடுவுல வெச்சு என் இடுப்பு பிடிச்சுக்கிச்சு, உங்கப்பா கை நழுவிருச்சு, அவன் வழுக்கித் தரைக்குப் போயிட்டான். ஒண்ணும் ஆகல, ஒண்ணும் ஆகலம்மான்னு அவன்தான் எங்களைத் தேத்தினான். கேப்டன் வர்ற வரைக்கும் மூணு பேரும் தரையிலயே உட்கார்ந்திருந்தோம். அவன் முதுகுல புண் வந்தா என்ன ஆகும்னு உனக்கு நான் சொல்லணுமா, அந்த வருஷம் ஆஸ்பத்திரி வராந்தாவுல கிடந்தோமே, நீயும் லீவு போட்டுட்டு வந்தியே.

இந்த இடத்துல நீ கடிதாசியைக் கீழே வெச்சுட்டுப் போனை எடுப்ப. எடுக்காதே, படி. எதுக்கும்மா இந்தப் பாடு, நான் இன்னும் கொஞ்சம் சேர்த்து அனுப்புறேன், நல்ல ஆளா வெச்சுக்கோங்கன்னு சொல்லுவ. சொல்லுவன்னு தெரிஞ்சுதான் உன்கிட்ட இவ்வளவு நாள் மூச்சு விடல. நீ அனுப்புவடி, உன் வாயைக் கட்டி வயித்தைக் கட்டியாவது அனுப்புவ. மாப்பிள்ளை ஆபீஸ்ல ஆளைக் குறைக்கிறாங்கன்னு நீ அவர்கிட்ட மெதுவாப் பேசினதும் என் காதுல விழுந்துச்சு, அதையும் விடு, பணம் மழையாக் கொட்டும்னே வெச்சுக்கோ. உன் தம்பி உன்கிட்ட கடைசியா எப்போ சண்டை போட்டான், சொல்லு பார்ப்போம். டிவி ரிமோட்டுக்கு உன் சடையைப் பிடிச்சு இழுத்தவன், நீ அவன் தோளைக் கடிச்சு வெச்சு நான் ரெண்டு பேரையும் போட்டு சாத்தினேன். நீ அவன் மருந்துக்குப் பணம் அனுப்ப ஆரம்பிச்சதுலேர்ந்து சரிக்கா, ஆமாக்கா, நல்லா இருக்கேன்க்கா, இதைத் தவிர அவன் வாயில வேற பேச்சு வந்து கேட்டிருக்கியா? நீ அனுப்பின அந்த மஞ்சள் சட்டை அவனுக்குத் துளியும் பிடிக்கல, சூப்பரா இருக்குன்னு உன்கிட்ட சொன்னான். அன்னைக்கு நீ அப்படிப் பேசினதுக்கும் சிரிச்சான். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவே இல்ல. கேப்டன்கிட்ட அப்படியா இருக்கான்? தண்ணி சுடுதுன்னு கத்துவான், லேட்டா வந்துட்டு வியாக்கியானம் பேசாதேன்னு எகிறுவான், அவளும் வாங்கினதை வட்டியோட திருப்பிக் கொடுப்பா, மறுநாள் டாண்ணு வந்து நிப்பா. அவ பாசத்துல வரலடி, வேலைன்னு வர்றா, பாசமெல்லாம் அப்புறமா வந்து ஒட்டிக்கிச்சு. நான் கண்ணை மூடினாலும் வருவா, அவ இல்லன்னா இன்னொருத்தி வருவா. நீயும் அவனும் முகம் கொடுத்துப் பேசாம இருந்தாலும் வருவா. எங்க காலத்துக்கு அப்புறம் அவன் உன் நல்ல மனசை நம்பி நாளை ஓட்டணும்னு நான் நினைக்கல, உன் மனசு நல்ல மனசுதான், இருந்தாலும் நினைக்கல.

கவர்மெண்ட்டைத் தலையில தூக்கி வெச்சு ஆடுறேன்னு நினைக்காதே. நாற்காலியை ஒரு சைஸ் பெருசாக் கொடுத்துட்டு அதை மாத்துறதுக்கு என்னை நாயா அலைய விட்டவங்கதான் அவங்க. ஒரு கையெழுத்துக்கு நான் ஏறாத மாடி இல்ல. அங்க உனக்கும் அப்படித்தான் இருக்கும், சம்பளத்துல பிடிக்கிற காசு எங்கெங்க போய் வீணாகுதோ யாருக்குத் தெரியும், கேள்வி கேளு, நல்லா நாக்கைப் பிடுங்குற மாதிரி கேளு. ஆனா வாண்டு குறைமாசத்துல பொறந்தப்போ கண்ணாடிப் பெட்டியில வெச்சுப் பார்த்தாங்களே, பத்து பைசா கேட்கலம்மா, நர்ஸ் வீட்டுக்கே வந்து எடை பார்த்துட்டுப் போறாங்கன்னு நீதான் போன்ல அழுதுக்கிட்டே சொன்ன. அன்னைக்கு யாரோ ஒருத்தி தன் சம்பளச் சீட்டைப் பார்த்து வயித்தெரிச்சல் பட்டிருப்பா, அவளுக்கு உன்னையும் தெரியாது, வாண்டையும் தெரியாது. குத்திக்காட்டுறேன்னு எடுத்துக்காதே. குத்திக்காட்டுறேன்தான், கொஞ்சம் வாங்கிக்கோ.

வழி சொன்னது கேப்டன். அவ வேலை பார்க்குற இன்னொரு வீட்டுல இப்படித்தான் ஒரு சிக்கல் வந்து தீர்ந்துச்சாம். சட்டத்துல வீடுன்னா சுவரும் கூரையும் இல்லையாம், அடுப்புதானாம். ஒரே அடுப்புல பொங்கித் தின்னா ஒரு வீடு, அடுப்பு தனியா வாசல் தனியா இருந்தா தனி வீடு. வயசு வந்த பிள்ளை தனியாச் சமைச்சுச் சாப்பிட்டா அவனே ஒரு குடும்பம், அப்பன் கட்டுற வரி அவனை ஒட்டாது. நான் வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சேன். மருமக வந்து தனிக்குடித்தனம் கேட்டா அது ஒரு பேச்சு, நாற்காலியில இருக்கிற பிள்ளையைப் பெத்தவளே பிரிச்சு வைக்கணுமா, நீயெல்லாம் ஒரு பொம்பளையான்னு அந்தப் பொண்ணைக் கூட ரெண்டு வார்த்தை சொல்லிட்டேன், பாவம். உன் தம்பி எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருந்துட்டு, அடுப்பை எந்தப் பக்கம் வைக்கலாம்னு கேட்டான். கடையில போய் பொம்மை வாங்கித் தர்றேன்னா சின்ன வயசுல ஒரு முகம் வெச்சுக்குவானே, அந்த முகம். உங்கப்பா அதைவிட மோசம். கையெழுத்துப் போட மாட்டேன்னவர், அன்னைக்கே தன்னோட வாசல் அறையைக் காலி பண்ண ஆரம்பிச்சுட்டார், ஆயுசு பூரா உட்கார்ந்து வேலை பார்த்த இடம், மேஜையையும் கம்பிச் சுருளையும் தூக்கிக் கொல்லைப்புறம் கொண்டுபோய்ப் போட்டார். தச்சரை வெச்சு அந்த அறைக்கும் வீட்டுக்கும் நடுவுல பலகைத் தடுப்பு அடிச்சு, சந்துப் பக்கம் ஒரு கதவும் நாற்காலி உருள ஒரு சரிவும் வெச்சு, கரெண்ட் அடுப்பை நாற்காலி உயரத்துக்கு இறக்கி, சுவிட்சையெல்லாம் முழங்கால் உயரத்துக்குக் கொண்டுவந்தார். வயரிங் அவரே. ரெண்டு பேரும் பலகைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துக்கிட்டு இது இங்க, அது அங்கன்னு பேசிக்கிட்டே இருக்காங்க, நான் டீ போட்டுக் கொடுக்க மட்டும். தனிக் குடும்பம்னு மனு கொடுத்ததுக்குப் பார்க்க வர்ற ஆபீசர் பார்த்துட்டுப் போகட்டும், மறுநாளே பலகையைக் கழட்டிடலாம்னு நான் மனசுல ஒரு கணக்கு வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்தேன்.

ஆபீசர் ஒரு பொம்பளை, மழையில நனைஞ்சுக்கிட்டே வந்தாங்க. சந்துக் கதவு வழியா உள்ளே போய் அடுப்பைப் பார்த்தாங்க, மூடியைத் திறந்து பார்த்தாங்க, உருளைக்கிழங்கும் முட்டையும் அவிச்சு வெச்சிருந்தான், கிழங்கு பாதி கருகல். யார் சமைக்கிறதுன்னு கேட்டதுக்கு, நான்தான் மேடம், கருகினதைப் பார்த்தாலே தெரியலையான்னான். அவங்களுக்கே சிரிப்பு வந்துருச்சு. கேப்டன் ஒரு ஓரமா நின்னுக்கிட்டு இருந்தா, எல்லாம் நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. நான் இந்தப் பக்கம் சமையல்கட்டுல காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறேன். நிக்கும்போதே மணி ஒண்ணு ஆச்சு. சாரம் சரிஞ்சு அவன் விழுந்த நாள்லேர்ந்து மணி ஒண்ணுன்னா என் கை தானா தட்டை எடுக்கும். புத்தி எங்க போச்சோ, மீன்ல முள்ளைப் பார்த்து எடுத்து, சோத்துல போட்டுப் பிசைஞ்சு, தட்டைக் கையில ஏந்திக்கிட்டு, தெருவைச் சுத்திச் சந்துக் கதவு வழியா நேரா உள்ளே போய் நின்னேன். சாப்பிடுடா தம்பின்னும் சொல்லிட்டேன். கேப்டன் கண்ணு ரெண்டும் வெளியே வந்துருச்சு. பின்னாடியே ஓடிவந்த உங்கப்பா தலையில கை வெச்சுக்கிட்டார். ஆபீசர் எழுதுறதை நிறுத்திட்டு இவங்க யாருன்னு கேட்டாங்க. உன் தம்பிதான் பேசினான். பக்கத்து வீட்டு அம்மா மேடம், ரொம்ப நல்ல மாதிரி, ஏதாவது பண்ணினா எனக்கும் கொஞ்சம் எடுத்துட்டு வருவாங்கன்னான். என்கிட்ட திரும்பி, இன்னைக்கு வேணாம்மா, நான் சமைச்சுட்டேன்னு சொன்னான். என் கையால கொடுத்ததை அவன் வேணாம்னு சொல்லி நான் கேட்டதே இல்ல. அந்தம்மா என் மூஞ்சியையும் அவன் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க, ரெண்டுலயும் ஒரே மூக்கு, குருடனுக்குக்கூடத் தெரியும். தினமும் நீங்கதான் சாப்பாடு கொடுக்குறீங்களான்னு என்னையே கேட்டாங்க. இல்லைங்க, எப்பவாவது ஒரு நாள்னு சொன்னேன். சொல்லிட்டேன்டி, பெத்த வாயால. அவங்க என்னமோ எழுதினாங்க, குடையை எடுத்தாங்க, போகும்போது என்கிட்ட நின்னு, பக்கத்து வீட்டம்மா, மீன் வாசனை ஆளைத் தூக்குதுன்னுட்டுப் போயிட்டாங்க. அந்தத் தட்டை உங்கப்பாதான் சாப்பிட்டார். நான் பாத்திரம் கழுவுற இடத்துல தண்ணியைத் திறந்து விட்டுட்டு நல்லா அழுதேன்.

அதுக்கப்புறம் உத்தரவு வர்ற வரைக்கும் நாங்க பட்ட பாடு இருக்கே, போஸ்ட்மேன் சைக்கிள் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுவேன். வந்துருச்சு. கேப்டன் தொடர்ந்து வரலாம், மருந்தும் வரும், உன் தம்பி பேர்ல தனி அட்டை, அதுல குடும்பத் தலைவர்னு போட்டு அவன் பேரு, கீழே வேற யாரு பேரும் இல்ல. கேப்டன் அதைக் கையில வாங்கிப் பார்த்துட்டு, தலைவரே வணக்கம்னு சல்யூட் அடிச்சா. நான் சுத்தியலை எடுத்துட்டுப் போய், சரி, வேலை முடிஞ்சுது, பலகையைக் கழட்டுன்னு உங்கப்பாகிட்ட கொடுத்தேன். உன் தம்பி வேணாம்னான். ஏன்டான்னேன். எங்க வீடுன்னு சொல்ல எனக்கும் ஒண்ணு இருக்கட்டுமேம்மான்னான். இப்போ கதவைத் தட்டிட்டுத்தான் வரணுமாம், நான் தட்டுறேன், என்ன பண்றது. தினம் எதையாவது கருக்குறான். ஒரு நாள் என்னை டீ குடிக்கக் கூப்பிட்டான், வெந்நீர்ல சர்க்கரை போட்ட மாதிரி இருந்துச்சு, பிரமாதம்னு சொல்லிட்டு வந்தேன். மணி ஒண்ணு ஆனா மட்டும் இந்தக் கையை என்ன பண்றதுன்னு தெரியல, எங்கேயாவது வெச்சுக்கிட்டு அங்கயும் இங்கயும் நடக்குறேன். உங்கப்பாவைப் பத்திக் கேட்காதே, அடுத்த வருஷமும் வரி கட்டப் போறாராம். கட்டுங்க, ஆனா உள்ளதை உள்ளபடி எழுதுங்கன்னேன், அப்படி எழுதினா வரி வராதேன்னு விசனப்படுறார்.

நீ வழக்கமா அனுப்புறதுல பாதியை இனிமே உன் முதுகுக்குச் செலவு பண்ணு, இது என் உத்தரவு. வாண்டுக்குப் பல்லு ஆடுதுன்னியே, நூல் கட்டி இழுக்காதே, தானா விழும். மாப்பிள்ளைக்கு வேலை எப்படியும் நிலைக்கும், தைரியமா இருக்கச் சொல்லு, ஒருவேளை கொஞ்ச நாள் இல்லாமப் போனாலும் உன் ஊர் கவர்மெண்ட்டுல உதவி இருக்குமே, கேட்கக் கூச்சப்படாதே, நீயும் அதுல காசு போட்டவதான். நீங்க மூணு பேரும் நோய் நொடி இல்லாம, சிரிச்ச முகமா, நல்லா இருக்கணும்னு நானும் உங்கப்பாவும் மனசார வாழ்த்துறோம்.

ஒண்ணே ஒண்ணு மறக்காதே. இந்த ஞாயித்துக்கிழமை எங்களைக் கூப்பிடாதே, உன் தம்பி நம்பருக்குத் தனியாக் கூப்பிடு. நீ மழைக்காலத்துல சொன்ன அந்த வார்த்தைக்கு அவன்கிட்ட பதில் இருக்காம், இத்தனை மாசமாத் தொண்டையிலயே வெச்சிருந்தானாம், இப்போ சொல்லணுமாம். என்ன சொல்லப் போறான்னு எனக்குத் தெரியாது, கேப்டன்கிட்ட பேசுறதை வெச்சுப் பார்த்தா நல்லாத்தான் திட்டுவான். குறுக்கே பேசாதே, அழாதே, மன்னிச்சுக்கோடான்னு அவசரப்பட்டு முடிச்சு வைக்காதே. முழுசாத் திட்டி முடிக்கட்டும், வாங்கிக்கோ. அப்புறம் நீயும் விடாதே, பழையபடி திருப்பிக் கொடு. நான் பலகைக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டுக்கிட்டு இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
உன் தம்பிக்குப் பக்கத்து வீடு